மூளைக்கட்டியின் வேதியியலைப் படிப்பது எப்படி? எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூளையில் ஒரு வளையம் தெரிகிறது. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த படத்தில் ஓரம் மட்டும் வெள்ளையாக மின்னுகிறது, நடுப்பகுதி கறுப்பு, சுற்றிலும் வீக்கம். இது மூளையிலேயே தோன்றும் வீரியமான புற்றுக்கட்டியான கிளையோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். நுரையீரலிலிருந்து பரவிய புற்றுநோயாகவும் இருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். இந்தியாவில் காசநோய்க் கட்டியையும் இந்தப் பட்டியலிலிருந்து விட முடியாது. படத்தில் நான்கும் அண்ணன் தம்பி போல இருக்கும், சிகிச்சையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. ஒருவருக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் தேவை, இன்னொருவர் காசநோய் மாத்திரைகளிலேயே குணமாகிவிடலாம்.

இந்தக் குழப்பத்தில் உதவுவதற்காகத்தான் வளர்சிதை மாற்ற எம்.ஆர்.ஐ. முறைகள் வந்தன. அவற்றில் மிகப் பழையதும், இன்று பல ஸ்கேன் மையங்களில் உள்ள இயந்திரத்திலேயே செய்யக்கூடியதும் புரோட்டான் (ஹைட்ரஜன் அணுக்கரு) எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி. ரேடியோகிராபி மாணவர்களையும் புதிதாக அறிக்கை எழுதத் தொடங்கும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பத்தினருக்கும் இது புரிய வேண்டும் என்பது என் ஆசை.

எதை அளக்கிறோம்?

சாதாரண எம்.ஆர்.ஐ. படம், உடலின் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் படம். அதே ஹைட்ரஜன் செல்லுக்குள் இருக்கும் மற்ற மூலக்கூறுகளிலும் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறிலும் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைக் கொஞ்சம் மறைப்பதால் அதன் அதிர்வெண் இம்மியளவு விலகுகிறது. விலகலைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், பிபிஎம் என்று குறிக்கிறோம். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் ஒரு பிபிஎம் சுமார் 64 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128 ஹெர்ட்ஸ். இயந்திரத்தின் வலிமை மாறினாலும் பிபிஎம் எண் மாறாது. அதனால்தான் எந்த ஊரில் எடுத்த வரைபடத்தையும் ஒரே அளவுகோலில் படிக்க முடிகிறது.

தண்ணீர் 4.7 பிபிஎம்மில் நிற்கும். நாம் தேடும் பொருள்களைப் போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம் இருப்பதால், அதை அடக்காமல் மற்ற எதையும் பார்க்க முடியாது.

முக்கியமான பீக்குகளை, அதாவது வரைபடத்தில் ஒவ்வொரு பொருளும் எழுப்பும் முகடுகளை, மனப்பாடமே செய்துகொள்ளலாம். 2.0-இல் என்.ஏ.ஏ., அதாவது என்-அசிட்டைல் ஆஸ்பார்டேட். நரம்புச் செல்களில் இருப்பது, ஆரோக்கியமான மூளையில் மிக உயரமாக நிற்பது. 3.0-இல் கிரியாட்டின், ஆற்றல் சேமிப்போடு தொடர்புடையது. 3.2-இல் கோலின், செல் சவ்வுகள் கட்டப்படுவதையும் சிதைவதையும் காட்டுவது. 3.56-இல் மயோ-இனோசிட்டால், நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளையல் செல்களோடு சேர்த்துப் பேசப்படுவது. 1.33-இல் லாக்டேட். 0.9-இலும் 1.3-இலும் கொழுப்பு, திசு செத்துப்போன இடத்தில் பெரிதாக எழுவது.

கட்டி வளரும் இடத்தில் நரம்புச் செல்கள் ஒதுக்கப்பட்டும் அழிந்தும் போவதால் என்.ஏ.ஏ. சரியும். செல்கள் வேகமாகப் பெருகுவதால் கோலின் ஏறும். லாக்டேட்டின் கதை 1920-களில் ஓட்டோ வார்பர்க் கண்டதோடு சேர்ந்தது: புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றித் தள்ளுகின்றன.

முதல் படி: கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

"ஸ்பெக்ட்ராஸ்கோபி செய்யவும்" என்று மட்டும் எழுதிய சீட்டோடு நோயாளி வந்தால், அனுப்பிய மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. கட்டியா, தொற்றா என்பது ஒரு கேள்வி. எந்த இடத்தில் பயாப்ஸி எடுப்பது என்பது இன்னொன்று. கதிர்வீச்சுக்குப் பிறகு தெரியும் வெள்ளைப் பகுதி திரும்பி வந்த கட்டியா, வெந்துபோன திசுவா என்பது மூன்றாவது. அளக்கும் பகுதியைக் குறிக்கும் பெட்டியின் அளவு, இடம், எக்கோ நேரம் (தூண்டியதிலிருந்து சிக்னலைப் பிடிக்கும் வரையான இடைவெளி) எல்லாமே கேள்வியைப் பொறுத்து மாறும்.

இரண்டாவது படி: வரிசையைத் திட்டமிடுங்கள்

முதலில் சாதாரண படங்களை எடுங்கள். டிஃப்யூஷன் டென்சர், செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. போன்றவை கிரேடியன்ட் சுருள்களை நன்றாகச் சூடாக்குபவை. அவை முடிந்த கையோடு ஸ்பெக்ட்ராஸ்கோபி எடுத்தால் காந்தத்தின் அதிர்வெண் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், பீக்குகள் அகன்று தண்ணீர் அடக்கமும் கெட்டுவிடும். ஆகவே அவற்றுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். முடிந்தால் கான்ட்ராஸ்ட் ஊசிக்கும் முன்பே எடுங்கள். கட்டியின் உயிருள்ள பகுதி எது என்று ஊசி போட்டால்தான் தெரியும் என்றால் பிறகு எடுப்பதிலும் தவறில்லை, அதை அறிக்கையில் குறித்துவிட வேண்டும்.

நோயாளியிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று நேராகச் சொல்லுங்கள். "அம்மா, இன்னும் நாலு நிமிஷம்தான். தலையை மட்டும் அசைக்காம இருங்க, சத்தம் கேட்டா பயப்படாதீங்க" என்று இன்டர்காமில் சொல்லும் இந்த ஒரு வரி, விலையுயர்ந்த எந்த மென்பொருளையும் விட அதிக ஸ்பெக்ட்ரம்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது படி: பெட்டியை வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒற்றை வாக்ஸல் முறையில் மூளைக்குள் ஒரு கனசதுரப் பெட்டியைக் குறித்து, அதிலிருந்து வரும் சிக்னலை மட்டும் எடுக்கிறோம். வழக்கமான அளவு ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ., அதாவது 8 மில்லி லிட்டர். கட்டி சிறியதாக இருந்தால் பெட்டியையும் சுருக்கத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். பக்கத்தை 1 செ.மீ. ஆக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்று, சிக்னலும் எட்டில் ஒன்று. இரைச்சல் குறைவது அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, எனவே இழந்ததை ஈடுகட்ட 64 மடங்கு நேரம் வேண்டும். 1.5 விநாடி இடைவெளியில் 128 முறை அளக்கும் ஸ்கேன் 3 நிமிடம் 12 விநாடியில் முடியும். அதையே 64 மடங்காக்கினால் மூன்று மணி நேரம் தாண்டிவிடும். நடைமுறையில் 1.5 செ.மீ. வரை இறங்கலாம், அதற்குக் கீழே வருவதை நம்புவது கடினம்.

பெட்டிக்குள் கட்டியின் திடமான பகுதி வர வேண்டும். நடுவிலுள்ள செத்த திசுவை அதிகம் சேர்த்தால் கொழுப்பும் லாக்டேட்டும் மட்டுமே தெரியும், சுற்றியுள்ள நல்ல மூளையைச் சேர்த்தால் என்.ஏ.ஏ. உயர்ந்து கட்டி சாதுவானது போல் ஏமாற்றும். மண்டையோட்டு எலும்பு, தலைத்தோலின் கொழுப்பு, சைனஸின் காற்று, ரத்தக்கசிவு, கால்சியம் படிந்த இடம், பழைய அறுவை சிகிச்சையின் உலோகக் கிளிப் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். மூன்று தளங்களிலும் பார்த்தே வைக்க வேண்டும். ஒரு தளத்தில் கச்சிதமாக உட்கார்ந்த பெட்டி, பக்கவாட்டுப் படத்தில் பார்த்தால் பாதி வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் உள்ள நீரறை) நீரில் மிதப்பதை நானே பலமுறை கவனித்துத் திருத்தியிருக்கிறேன்.

3 டெஸ்லாவில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டியின் இடத்தை அதிர்வெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுப்பதால், வேறு அதிர்வெண் கொண்ட பொருளுக்குப் பெட்டியே கொஞ்சம் நகர்ந்துவிடும். கோலினுக்கும் லாக்டேட்டுக்கும் இடையே சுமார் 240 ஹெர்ட்ஸ் வித்தியாசம். பழைய பிரெஸ் முறையில் 2 செ.மீ. பெட்டிக்கு இது சில மி.மீ. நகர்வாகிவிடும். அதாவது நீங்கள் ஒப்பிடும் கோலினும் லாக்டேட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை இல்லை. உங்கள் இயந்திரத்தில் செமி-லேசர் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இந்த நகர்வு அதில் வெகுவாகக் குறையும்.

ஒப்பிடுவதற்கு எதிர்ப்பக்க மூளையில் அதே இடத்தில் இரண்டாவது பெட்டி அவசியம். சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் கோலின் இயல்பாகவே அதிகம், பிறந்த குழந்தைக்கு என்.ஏ.ஏ. இயல்பாகவே குறைவு. பாடப்புத்தகத்தின் ஒரே விகிதத்தை எல்லா இடத்துக்கும் எல்லா வயதுக்கும் பொருத்தினால் இல்லாத கட்டியைக் கண்டுபிடித்துவிடுவோம்.

கட்டி பெரிதாகவும் பலவிதமாகவும் இருந்தால் பல-வாக்ஸல் முறைதான் பொருத்தம். 16-க்கு 16 கட்டங்களை 1.5 விநாடி இடைவெளியில் எடுக்க 6 நிமிடம் 24 விநாடி ஆகும். கோலின் எங்கே உச்சத்தில் இருக்கிறது என்று வண்ண வரைபடமாகவே பார்த்துப் பயாப்ஸி ஊசிக்கு இடம் குறிக்கலாம்.

நான்காவது படி: எக்கோ நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

30 மில்லி விநாடி போன்ற குறுகிய எக்கோ நேரத்தில் மயோ-இனோசிட்டால், குளுட்டமேட், கொழுப்பு எல்லாம் தெரியும், ஆனால் அடித்தளம் மேடும் பள்ளமுமாக இருக்கும். 135 அல்லது 144-இல் வரைபடம் சுத்தமாகி கோலின், கிரியாட்டின், என்.ஏ.ஏ. மூன்றும் தெளிவாக நிற்கும்.

அந்த 144 என்ற எண் லாக்டேட்டிலிருந்து வருகிறது. அதன் பீக் 7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரட்டையாகப் பிரிந்திருக்கும். ஒன்றை ஏழால் வகுத்தால் சுமார் 144 மில்லி விநாடி. அந்த நேரத்தில் லாக்டேட் தலைகீழாகக் கவிழ்ந்து தெரியும், 288-இல் மறுபடி நிமிரும். அதே 1.3 பிபிஎம்மில் நிற்கும் கொழுப்பு இப்படிக் கவிழாது. ஆகவே 30-இல் மேல் நோக்கி நின்றது 144-இல் கீழே தொங்கினால் அது லாக்டேட்டே. நான் இரண்டு நேரங்களிலும் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். 3 டெஸ்லாவில் மேலே சொன்ன பெட்டி நகர்வினால் கவிழ்ந்த பீக் சிறுத்தோ காணாமலோ போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாவது படி: ஷிம்மிங், தண்ணீர் அடக்கம், தரச் சோதனை

பெட்டிக்குள் காந்தப்புலம் சீராக இருந்தால்தான் பீக்குகள் கூர்மையாகும். இயந்திரம் தானாகவே ஷிம் செய்யும். திருப்தி இல்லையென்றால் மறுபடி செய்யவோ பெட்டியைச் சில மி.மீ. நகர்த்தவோ தயங்காதீர்கள். பெட்டியைச் சுற்றிக் கொழுப்பை அடக்கும் பட்டைகளையும் வையுங்கள்.

முடிவு வந்ததும் பீக்குகளுக்குப் பெயர் வைக்கப் பாயாமல், இது படிக்கத் தகுந்ததா என்று முதலில் பாருங்கள். பீக்கின் அகலம் அதன் பாதி உயரத்தில் 0.1 பிபிஎம்முக்கு மேல், அதாவது 3 டெஸ்லாவில் சுமார் 13 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் கோலினும் கிரியாட்டினும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். 4.7-இல் பெரிய மலை மிச்சமிருந்தால் தண்ணீர் அடங்கவில்லை. எதிர்ப்பக்க நல்ல மூளையிலும் 1.3-இல் கொழுப்பு தெரிந்தால் அது தலைத்தோலிலிருந்து கசிந்தது. மோசமான ஸ்பெக்ட்ரத்துக்கு அறிக்கை எழுதுவதை விட "தரம் போதவில்லை" என்று எழுதுவதே நோயாளிக்குச் செய்யும் நியாயம்.

அளவிட எல்சிமாடல், டார்குவின், ஆஸ்ப்ரே போன்ற மென்பொருள்கள் உள்ளன. எல்சிமாடலை உருவாக்கியவர் ஸ்டீபன் ப்ரோவென்ச்சர், வெளிவந்தது 1993-இல். இவை ஒவ்வொரு பொருளுக்கும் பிழை மதிப்பீட்டையும் சதவீதத்தில் தரும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தூக்கிப்போடு என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு பொருள் உண்மையிலேயே மிகக் குறைவாக இருந்தாலும் அந்தச் சதவீதம் ஏறத்தான் செய்யும். "இல்லை" என்பதும் ஒரு தகவல்.

ஆறாவது படி: படிப்பது

முதலில் ஒட்டுமொத்தச் சாய்வைப் பாருங்கள். நல்ல மூளையில் மயோ-இனோசிட்டாலிலிருந்து என்.ஏ.ஏ. வரை பீக்குகளின் உச்சிகளை இணைத்தால் சுமார் 45 டிகிரியில் ஏறும் கோடு கிடைக்கும். கிளையல் செல் வகைக் கட்டியான கிளையோமாவில் இந்தக் கோடு கோலினிலிருந்து என்.ஏ.ஏ. நோக்கி இறங்கும். அப்புறம் கோலின்-என்.ஏ.ஏ., கோலின்-கிரியாட்டின் விகிதங்களை எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

குறைந்த தரக் (வீரியம் குறைந்த) கிளையோமாவில் மயோ-இனோசிட்டால் உயர்ந்திருப்பது வழக்கம். தரம் கூடக்கூட கோலின் ஏறி, லாக்டேட்டும் கொழுப்பும் வந்து சேரும். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. குழந்தைகளுக்கு வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா முதல் தரக் கட்டி, அதாவது வீரியம் மிகக் குறைந்தது, பெரும்பாலும் அறுவை சிகிச்சையிலேயே குணமாகும். அதன் ஸ்பெக்ட்ரமோ உயர்ந்த கோலினும் லாக்டேட்டுமாகப் பயமுறுத்தும். வயதையும் இடத்தையும் பார்க்காமல் வரைபடத்தை மட்டும் படித்தால் ஒரு குடும்பத்தையே கலங்கடித்துவிடலாம்.

கிளையோபிளாஸ்டோமாவா, பரவிய புற்றுநோயா என்றால் இன்னொரு பெட்டியை வளையத்துக்கு வெளியே, வீக்கத்தில் வையுங்கள். கிளையோபிளாஸ்டோமா செல்கள் வளையத்தைத் தாண்டி ஊடுருவியிருப்பதால் அங்கேயும் கோலின் ஏறியிருக்கும். பரவிய கட்டியைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வெறும் நீர்வீக்கம், அங்கே கோலின் உயராது. மூளையுறையிலிருந்து வரும் மெனிஞ்சியோமாவில் நரம்புச் செல் இல்லாததால் என்.ஏ.ஏ. இருக்காது, சிலவற்றில் 1.48-இல் அலனின் தெரியும். குழந்தைகளின் மெடுல்லோபிளாஸ்டோமாவில் 3.4-இல் டாரின் பீக் கிடைத்தால் நல்ல துப்பு.

சரி, தொற்றுக்கு வருவோம். சீழ்க்கட்டியின் உள்ளே மூளைத் திசுவே இல்லை, எனவே என்.ஏ.ஏ., கோலின் எதுவும் இருக்காது. சீழிலுள்ள நொதிகள் புரதத்தை உடைத்ததால் வந்த வாலின், லூசின், ஐசோலூசின் ஆகிய அமினோ அமிலங்கள் 0.9-இல் நிற்கும், லாக்டேட்டைப் போலவே 144-இல் கவிழும். காற்றில்லாச் சூழலில் வளரும் பாக்டீரியா என்றால் 1.92-இல் அசிட்டேட்டும் 2.4-இல் சக்சினேட்டும் சேர்ந்து வரும். லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகத்தில் ராகேஷ் குப்தாவும் அவருடைய குழுவினரும் இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார்கள். காசநோய்க் கட்டியில் பெரும்பாலும் கொழுப்பு பீக் ஓங்கி நிற்கும், அமினோ அமிலங்கள் தெரியாது. ஆனால் செத்த திசு நிறைந்த புற்றுக் கட்டியிலும் கொழுப்பு ஓங்கும். அங்கே கோலினும் சேர்ந்திருக்கிறதா என்பது முக்கியம். மையலின் உறை சிதையும் நோயும் கட்டி போல வீங்கி, கோலினையும் ஏற்றிக் காட்டும் என்பதால் கோலின் மட்டுமே எதையும் நிரூபிக்காது.

சிகிச்சைக்குப் பிறகு

கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த முதல் மூன்று மாதங்களில் வெள்ளைப் பகுதி பெரிதாவது பல நேரம் பொய்யான வளர்ச்சி. திசு வெந்துபோயிருந்தால் கோலின் உட்பட எல்லாமே தாழ்ந்து கொழுப்பும் லாக்டேட்டும் மிஞ்சும், கட்டி திரும்பியிருந்தால் கோலின் தெளிவாக எழும். நிஜத்தில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரே ஸ்கேனில் முடிவு கட்டுவதை விடச் சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பதைத்தான் நான் விரும்புவேன்.

மரபணுவையே காட்டும் ஒரு பீக்

2008-இல் கிளையோபிளாஸ்டோமாக்களில் ஐ.டி.எச்.1 மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மாற்றம் கொண்ட நொதி 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் என்ற பொருளை உற்பத்தி செய்து குவிக்கிறது என்பது 2009-இல் தெரிந்தது. நல்ல மூளையில் அது கிட்டத்தட்ட இல்லை, கட்டியில் மில்லிமோலார் அளவில் சேர்கிறது. 2012-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் சாங்ஹோ சோய் குழுவினர் 97 மில்லி விநாடி எக்கோ நேரத்தில் 2.25 பிபிஎம்மில் அதை நோயாளிகளிலேயே பிரித்துக் காட்டினார்கள். மண்டையைத் திறக்காமல் ஒரு மரபணு மாற்றத்தைப் பார்க்கிறோம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

பக்கத்திலேயே குளுட்டமேட்டும் குளுட்டமினும் கிடப்பதால் கவனம் தேவை. சிறிய கட்டியில் மாற்றம் இருந்தும் பீக் தெரியாமல் போகலாம். அந்த நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருப்பதால் இந்த அளவீட்டுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

அடுத்து வருபவை

அமைடு புரோட்டான் டிரான்ஸ்ஃபர் முறையை 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜின்யுவான் ஜோவும் பீட்டர் வான் ஜைலும் அறிமுகம் செய்தார்கள். தண்ணீரிலிருந்து 3.5 பிபிஎம் தள்ளியிருக்கும் புரத ஹைட்ரஜனைத் தட்டினால் அது தண்ணீரோடு இடம் மாறி, தண்ணீரின் சிக்னல் குறைகிறது. புரதம் மிகுந்த கட்டி பிரகாசமாகத் தெரியும், ஊசியும் தேவையில்லை.

2018-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹென்க் டி ஃபெய்டரும் ராபின் டி கிராஃபும் டியூட்டீரியம் ஏற்றிய குளுக்கோஸை நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.75 கிராம், அதிகபட்சம் 60 கிராம். டியூட்டீரியத்துக்குக் கதிரியக்கம் கிடையாது. நல்ல மூளையில் அது குளுட்டமேட்டாகவும் குளுட்டமினாகவும் மாற, கட்டியில் லாக்டேட்டாக மாறுவது படத்திலேயே தெரிந்தது. கார்பன்-13 பைருவேட்டை உறைகுளிரில் அதிதுருவப்படுத்தி நரம்பு வழியே செலுத்தும் முறையும் உண்டு. சிக்னல் பத்தாயிரம் மடங்குக்கு மேல் கூடும், ஆனால் ஓரிரு நிமிடங்களில் கரைந்துவிடும். இவ்விரண்டுக்கும் தனிச் சுருள்கள் வேண்டும் என்பதால் இன்னும் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே இருக்கின்றன.

கடைசிப் படி: அறிக்கையும் சேமிப்பும்

பெட்டியின் அளவு, இடம், எக்கோ நேரம், காந்தத்தின் வலிமை, ஊசிக்கு முன்பா பின்பா, தரம் எப்படி என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு பீக்குகளை எழுதி, சாதாரண படங்களோடும் பெர்ஃபியூஷனோடும் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம்) பொருந்துகிறதா என்று சொல்லுங்கள். பயாப்ஸிக்குப் பதிலாக இதை முன்வைக்காதீர்கள்.

பெட்டி எங்கே இருந்தது என்பதை மூன்று தளங்களிலும் படமாக எடுத்து, வரைபடத்தோடு சேர்த்தே சேமியுங்கள். மூல அளவீட்டுக் கோப்பையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பல இயந்திரங்கள் அதைச் சில நாட்களில் அழித்துவிடும். ஆறு மாதம் கழித்து அதே நோயாளி வரும்போது, வேறொருவர் அந்த மூன்று படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டியை அதே இடத்தில், அதே சாய்வில் வைக்க வேண்டியிருக்கும்.